நம்ம பீதி

கருவாட்டுத் துண்டை எண்ணெயில் திருப்பிப் போட்ட நேரத்தில்தான் கௌரம்மாவின் போன் அடுப்பு மேடையில் கிர்ரென்று அதிர்ந்தது. தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப். ‘நம்ம பீதி’ என்று பெயர். கன்னடத்தில் பீதி என்றால் தெரு. தமிழில் வாசித்தாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, யார் வீட்டுக் குப்பை யார் வாசலில் என்று நாள் முழுக்க ஏதாவது ஒரு பீதி அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கௌரம்மா பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டூரை ஒட்டிய கொளத்தூரில் பிறந்து, இந்தப் பக்கம் கர்நாடகத்துக் கௌதள்ளியில் வாழ்க்கைப்பட்டு, மைசூருக்குக் குடிவந்தவள். கன்னடம் பேசிச் சமாளிப்பாள், படிக்க வராது. படிப்பதெல்லாம் மகள் தமிழ்ப்ரியாவின் வேலை. பெயரில்தான் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள்.

“என்ன கண்ணு போட்டிருக்காங்கோ?”

படித்ததும் தமிழ்ப்ரியாவின் முகம் மாறியது. “அம்மா, ‘தினமும் மத்தியானம் யாரு வீட்டுலருந்தோ நாத்தம் வருது. எந்த வீடு?’ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு.”

“யாரது?”

“பேரு இல்லம்மா, நம்பர்தான். போட்டோவுல யூனிஃபார்ம், தொப்பியெல்லாம் போட்டுட்டு நிக்கிறாரு.”

“போலீசா?”

“அப்படித்தான் இருக்கு.”

கௌரம்மா அடுப்பை அணைத்தாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. வீட்டு ஓனர் பசவராஜ் மாடியில் குடியிருந்தார். வெங்காயம் பூண்டுக்கே நாள் பார்க்கிற மனிதர். வீடு பார்க்க வந்த அன்று, “மாமிசம் எல்லாம் கிடையாதல்லவா?” என்று கேட்டார். கௌரம்மாவின் புருஷன் காளியப்பன் ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி தலையை ஆட்டி வைத்தான். மண்டி மொஹல்லாவில், அவன் வேலை செய்யும் தானியக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில், பொதுக் குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்று பிழைத்தவர்கள். இங்கே வீட்டுக்குள்ளேயே குழாய். மகளின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். இந்த வீட்டை விட்டால் இன்னொன்று எங்கே கிடைக்கும்?

பசவராஜும் அவர் மனைவியும் காலையில் தங்கள் ஊதுபத்திக் கடைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். மத்தியானம் மாடியில் ஆள் இருக்காது. அந்தத் தைரியத்தில், தம்பி கொடுத்தனுப்பிய மேட்டூர் கருவாட்டைத் தினமும் இரண்டு துண்டு வறுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட வந்த காளியப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“இனிமே வேண்டாமுங்க. வம்பு வந்துரும்.”

“கருவாடு இல்லாம பழைய சோத்த எப்படி எறக்கறது? சன்னலச் சாத்திட்டு வறு. வெளிய போனாத்தானே வம்பு?”

மறுநாள் ஜன்னல்கள், கதவு எல்லாவற்றையும் சாத்தினாள். கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தாள். தெருவுக்கு ஒரு துளி மணமும் போகவில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றி, உள்படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறி, பசவராஜின் பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டு அவருக்காகக் காத்திருந்தது.

அன்று சாயங்காலம் குரூப்பில் பசவராஜே எழுதினார். குரூப்புக்கு அட்மினும் அவர்தான். “என் வீட்டிலும் நாற்றம் வருகிறது. பரணில் எலி செத்திருக்கும் என்று தேடினேன். இல்லை. அந்த சார் சொன்னது உண்மைதான்.”

பிறகு தெருவே எழுந்துகொண்டது. புறா என்றார் ஒருவர். அடுத்த தெருக் கோழிக்கடை என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு மனிஷா, “அந்த சாருக்கு ரொம்பத் தொந்தரவா?” என்று அக்கறையாக விசாரித்தாள். யூனிஃபார்ம் நம்பரிடமிருந்து ஒற்றை வரி வந்தது.

“என்னவாமா?” என்றாள் கௌரம்மா.

“‘தூங்கவே முடியலை’ங்கறாரு.”

“நீ ஒண்ணு போடு கண்ணு. நம்ம வீட்டுலயும் நாத்தம் வருது, சாக்கடையா இருக்கும்னு போடு.”

“பொய்யாம்மா?”

“சாக்கடையில நாத்தம் வர்றது பொய்யா? போடு.”

தமிழ்ப்ரியா போட்டாள். பசவராஜ் உடனே அதற்கு ஒரு கும்பிடும் நாலு பூவும் அனுப்பினார். வாசலில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியைப் பற்றி அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. “கீழ் வீட்டு கௌரம்மனவரே சொல்கிறார்” என்று வார்டு ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டு ஆட்களை வரவழைத்துவிட்டார்.

வந்தவர்கள் கேட் எதிரில் தோண்டினார்கள். தோண்டியதில் முதலில் உடைந்தது குடிதண்ணீர்க் குழாய். அதை அடைக்க இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள். தெருவில் ஒருவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை. மனிஷாவின் ஸ்கூட்டி உள்ளே மாட்டிக்கொண்டது. மூடியைத் திறந்துபோட்டதில் இதுவரை இல்லாத நாற்றமெல்லாம் கிளம்பி வந்தது. மூக்கைப் பொத்தாமல் யாரும் வாசலில் நிற்க முடியவில்லை.

வீட்டுக்குள் குழாய் இருக்கிறதென்று பெருமைப்பட்ட கௌரம்மா, மறுபடி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். கருவாட்டையும் அடியோடு நிறுத்தியிருந்தாள். காளியப்பன் பழைய சோற்றை மோர்மிளகாயோடு முழுங்கிவிட்டுக் கடைக்குப் போனான்.

அப்போதுதான் யூனிஃபார்ம் நம்பரிடமிருந்து அடுத்தது வந்தது.

“‘இன்னைக்கு நாத்தம் வரலை. என்ன ஆச்சு?’ன்னு கேக்கறாரு அம்மா.”

பசவராஜுக்குத் தலை சுற்றியது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாற்றம் வரவில்லை என்கிறாரே! அப்படியானால் அவர் சொன்னது இந்த நாற்றம் இல்லை. சாக்கடையும் இல்லை. ஏதோ ஒரு வீடு. ஆள் உஷாராகி நிறுத்திவிட்டான். அதைத்தான் அந்த சார் நாசூக்காகக் கேட்கிறார். குரூப்பில் எல்லாரும் அப்படியே புரிந்துகொண்டார்கள். யூனிஃபார்ம் நம்பர் இன்னொரு வரியும் எழுதினார்.

“‘எந்த வீடுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.’”

“சாமி!” என்று கௌரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று குரூப்பில் முடிவாயிற்று. தலைமை பசவராஜ். முதலில் தன் கட்டடத்திலிருந்தே ஆரம்பிப்பதாக அவரே பெருந்தன்மையாக அறிவித்தார்.

கருவாட்டுப் பை சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. கடைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். “அங்க இருக்கற பூனைங்க என்னையே தின்னுப்புடும்” என்றான் காளியப்பன். குப்பை வண்டியில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள். கடைசியில் அவளுக்கு வாசல் குழி ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குழியை மூடப்போவதாகப் பேச்சு. அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய், அக்கம்பக்கம் பார்த்து, குழிக்குள் நழுவவிட்டாள். மண்ணைப் போட்டு மூடினால் தீர்ந்தது. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வேலைக்காரர்கள் வந்தார்கள். மூடுவதற்கு முன், அடைப்பு இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை கம்பியை விட்டுப் பார்த்தார்கள். கம்பி நுனியில் மஞ்சள் பை ஒன்று மேலே வந்தது.

“சிக்கிச்சு!” என்று பசவராஜ் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். படம் எடுத்தார், குரூப்பில் போட்டார். பிறகு பையைக் குனிந்து பார்த்தார். அதில் ஏதோ அச்சடித்திருந்தது.

“இது தமிழ் எழுத்து அல்லவா? கௌரம்மனவரே, கொஞ்சம் வாங்க. தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.”

கௌரம்மா வந்தாள். படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பி கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்க அவளே ஆசையாக அடிக்கச் சொன்ன பை. எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டதுகூட நினைவுக்கு வந்தது.

“ஏதோ... பாத்திரக் கடை பேருங்க.”

“மூன்று வரி இருக்கிறதே?”

“பெரிய கடைங்க.”

“ஆள் பேர் எதுவும் இல்லையா?”

“அழிஞ்சு போச்சுங்க,” என்றாள் கௌரம்மா. எழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

அப்போது தெருமுனையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நீல யூனிஃபார்ம், கையில் தொப்பி. மனிஷா, “அவர்தான், அந்த சார்!” என்று கிசுகிசுத்தாள். கூட்டம் வழிவிட்டது. பசவராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வணக்கம் வைத்தார். கிட்டே வந்த பிறகுதான் தோளில் ‘செக்யூரிட்டி’ என்று எழுதியிருந்தது தெரிந்தது. முப்பது வயதுகூட இருக்காது. கண்ணெல்லாம் தூக்கம்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. பையை மட்டும் பார்த்தான். குனிந்து, மூக்கை உறிஞ்சி, பிறகு சத்தமாக, எழுத்துக் கூட்டாமல், நல்ல தமிழில் வாசித்தான்.

“தருண்குமார் – மோகனப்ரியா திருமணம். அன்பளிப்பு: அக்கா கௌரம்மா, மாமா காளியப்பன், மைசூர்.”

கடைசி வரிக்குக் கன்னட மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எல்லார் தலையும் ஒன்றாகத் திரும்பியது.

“நாந்தானுங்க,” என்றாள் கௌரம்மா. கன்னடமும் தமிழும் கலந்துகொண்டு வந்தன. “கருவாடுங்க. நாந்தான் வறுத்தேன். சாக்கடைன்னு சொன்னதும் பொய்யி. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லித்தான் போட்டுச்சு. வீட்டக் காலி பண்ணிடறோமுங்க. பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் மட்டும் டைம் குடுங்க.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தமிழ்ப்ரியா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

பசவராஜ் பையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். உடைந்த குழாயைப் பார்த்தார். ஸ்கூட்டியோடு நிற்கும் மனிஷாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். பிறகு கௌரம்மாவைத் தனியாக, வாசல் கேட்டுக்கு உள்ளே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“கௌரம்மனவரே, சாக்கடை என்று சொல்லித்தான் நான் இத்தனை பேரை வரவழைத்திருக்கிறேன். வார்டு ஆபீசில் புகார் கொடுத்ததே நான்தான். இப்போது கருவாடு என்றால் இந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியுமா? அது சாக்கடைதான். புரிகிறதா?”

“ஆனா நானே இப்பத்தானே எல்லார் முன்னாடியும்...”

“பை ஊரிலிருந்து வந்தது. தவறி விழுந்தது. அடைத்துக்கொண்டது. நாற்றம் வந்தது. அவ்வளவுதான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்புறம், திங்கட்கிழமைதோறும் நாங்கள் விடியும் முன்னே நஞ்சன்கூடு கோவிலுக்குப் போய்விடுவோம். வர ராத்திரி ஆகும். அன்றைக்குக் கீழே என்ன சமைத்தாலும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஜன்னலை மட்டும் சாத்தாதீர்கள் அம்மா. நன்றாகத் திறந்து வையுங்கள்.”

வெளியே போய், “அடைப்பு கிடைத்தது, பிரச்சினை முடிந்தது” என்று குரூப்பில் எழுதினார். தெரு ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே கலைந்தது. குழாய் சரியாகிவிட்டால் போதும் என்று எல்லாருக்கும் இருந்தது.

செக்யூரிட்டிக்காரன் மட்டும் போகவில்லை. கேட் அருகே தயங்கி நின்றான்.

“அக்கா, நான் சுரேந்தர். மேச்சேரிப் பக்கம். கடைசி வீட்டு மாடியில ரூம். என்னாலதான் இவ்வளவும்னு தெரியாதுக்கா. மன்னிச்சிருங்க.”

“பரவால்ல தம்பி. நைட் டூட்டி பார்த்துட்டு வந்து படுக்கறவங்களுக்குத் தூக்கம் கெட்டா கோவம் வரத்தானே செய்யும்.”

“கோவமா? அக்கா, மெஸ்ஸு சோத்தத் தின்னு நாக்கு செத்துக் கெடக்குது. மத்தியானம் படுத்துக் கண்ண மூடுனா உங்க வீட்டுக் கருவாடு வந்து எழுப்பி உக்கார வெச்சுரும். அப்புறம் எங்க தூங்கறது? எந்த வீடுன்னு தெரிஞ்சா ஒரு துண்டு கேட்டு வாங்கலாம்னுதான் விசாரிச்சேன். திடீர்னு நின்னு போச்சா, யாருக்கும் ஒடம்புக்கு முடியலையோன்னு வேற கவலையாப் போச்சு.”

கௌரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை நாள் பயந்த பயமெல்லாம் இப்போது ஒரே கோபமாகத் திரண்டு வந்தது.

“ஏன் தம்பி, திங்கறதுக்கு ஆசைப்பட்டவன் எதுக்கு நாத்தம் நாத்தம்னு போட்டு ஊரைக் கூட்டுனே?”

“நாத்தமா!” சுரேந்தர் பதறிப்போனான். “சாமி சத்தியமா நான் அப்படிப் போடலைக்கா! வந்த புதுசு, கன்னடம் அரைகுறைதான். அதுக்காக இதுகூடவா தெரியாது? ‘வாசனெ பர்த்தாயிதெ’, வாசனை வருதுன்னு மரியாதையாத்தான் போட்டேன். வேணும்னா பாருங்க!” என்று போனை நீட்டினான்.

தமிழ்ப்ரியா அதை எட்டிப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணா, கன்னடத்துல வாசனென்னா நாத்தம்.”