கதகதப்பாரும் ஓர் எருமையும்

மாலை ஆறு மணி ஆனால் போதும், ஊரே போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். யாரோடும் பேசுவதற்கு அல்ல. சூடு பிடிப்பதற்கு.

முடிதிருத்துபவர் ஒருவருக்குப் பாதி மீசை எடுத்திருப்பார். அப்படியே கத்தியைக் கீழே வைத்துவிடுவார். பாதி மீசைக்காரருக்குக் கோபம் வராது, அவர் கன்னத்திலும் போன் இருக்கும். பேருந்து ஓட்டுநர் நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவார். காலையில் ஏழாம் வகுப்புக்கு வெப்பம் பற்றிப் பாடம் நடத்திய அறிவியல் ஆசிரியர், மாலையில் கண்ணை மூடிக்கொண்டு "ஆகா, வருது, வருது" என்பார்.

அது தேர்தல் ஆண்டு. அதுவும் எப்படிப்பட்ட ஆண்டு! ஓர் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்தது வந்த வேகத்தில் கவிழ்ந்தது. மூன்றாவது, பதவியேற்பு மேடை சரிந்து அங்கேயே கவிழ்ந்தது. மக்கள் நொந்து போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் தலைவர் கதகதப்பார். தினமும் ஐந்து மணிக்கு லைவில் வருவார். ஒரு மணி நேரம் பேசுவார். என்ன பேசினார் என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இப்ப போனைக் கன்னத்துல வைங்க. சூடு தெரியுதா? அது நான்தான்" என்பார். தெரியும். உண்மையாகவே தெரியும். பல்வலி போனது, கழுத்துப் பிடிப்பு விட்டது, ஓடிப்போன மருமகன் திரும்பி வந்தான் என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள்.

இத்தனைக்கும் மூல காரணம் யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான்.

நான் பேனர் அச்சடிக்கும் கடையில் டிசைனர். வேலை இல்லாத நேரத்தில் மீம் போடுவேன். வேலை இருக்கும் நேரத்திலும் போடுவேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த மனிதரின் முதல் லைவைப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாரே, அது எங்கேதான் முடிகிறது பார்ப்போம் என்று ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். வாக்கியம் முடியவில்லை, போன் சுட்டது. இஸ்திரிப் பெட்டியில் அவர் முகத்தை ஒட்டி, 'அண்ணன் லைவ் பார்த்தேன், போன் சுட்டது. இது பேட்டரி அல்ல, பாசம்' என்று எழுதிப் போட்டேன். இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். பதினொரு பேர் அழுதார்கள். கட்சிக்காரர்கள் அந்தப் பதினொரு பேரைத்தான் கவனித்தார்கள்.

மூன்றாம் நாள், கறுப்புக் கண்ணாடி போட்ட பிரசாரப் பொறுப்பாளர் எங்கள் கடைக்கு வந்தார். என் மீமையே என்னிடம் நீட்டி, நாற்பது அடியில் பேனர் கேட்டார்.

"சார், இது சும்மா ஜோக்குக்குப் போட்டது சார்" என்றேன்.

"தம்பி, ஜோக்குன்னா சிரிப்பு வரணும். எங்களுக்கு அழுகை வந்துச்சு. அடிங்க."

அடித்தேன். என் கிண்டலை நானே நாற்பது அடிக்கு அச்சடித்துக் கொடுத்தேன். சுருட்டித் தூக்கிக்கொண்டு போக நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

அதோடு விட்டார்களா? 'அருள் கவர்' என்று ஒன்றைச் சந்தைக்கு விட்டார்கள். கறுப்பு நிறத்தில் தடிமனான போன் கவர். முன்பக்கம் ஒரு மூடி, மூடியில் தலைவரின் கை. கவர் போட்டால் அருள் கூடுதலாக இறங்கும் என்றார்கள். இறங்கத்தான் செய்தது. ஊரில் ஒரு போனும் கவர் இல்லாமல் இல்லை.

என் மனைவி போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அந்த மாதம் அவள் மேசையில் உப்பிப்போன பேட்டரிகள் குவிந்தன. ஒரு கவரைக் கத்தியால் கீறிப் பார்த்தாள். உள்ளே ஸ்பாஞ்சு, அதற்குள் கம்பளித் துணி.

"இது கவர் இல்லீங்க, போர்வை. ஒரு மணி நேரம் வீடியோ ஓடினா எந்த போனும் சூடாகும். அதுக்குப் போர்வையும் போத்தினா கேக்கணுமா? இப்படியே போனா வெடிச்சுடும்" என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் எடுத்துச் சொன்னாள்.

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்குப் புரியலைம்மா. தலைவர் உள்ள வந்து தங்கிட்டார். அதான் உப்பியிருக்கு."

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தேன். என் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமையோடு நின்றது. அன்றைக்கு என் அம்மா சமையலறையில் தலைசுற்றி விழுந்தாள். நல்ல வேளை, அரிசி மூட்டைமேல் விழுந்தாள். மருத்துவமனையில் மருத்துவர் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்திரை சாப்பிடறாங்களா இல்லையா?"

என் மனைவி வீட்டுக்கு ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். ஒன்பது நாளாக ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டீங்கன்னா கை கால் இழுத்துக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனம் இல்ல" என்றார் மருத்துவர்.

அம்மாவோ கல்லாக உட்கார்ந்திருந்தாள். "கன்னத்துல போனை வெச்சா அப்படியே பெத்த அப்பா கை வெச்ச மாதிரி இருக்கு. ரத்தம் எல்லாம் சமமாயிடுது. எனக்கு எதுக்கு மாத்திரை?"

"அம்மா, அது நான் போட்ட ஜோக்கும்மா! அந்தச் சூடு, அருள் எல்லாம் நான் கிளப்பிவிட்டதும்மா!" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அம்மா என் தலையை வாஞ்சையோடு தடவினாள். "உனக்கு அவ்வளவு அறிவு ஏதுடா? அவர்தான் உன் வாய் வழியா சொல்லியிருக்கார்."

எனக்குப் பயமாக இருந்தது. நான் விளையாட்டாகப் போட்ட ஒரு படம் என் அம்மாவைப் படுக்கையில் தள்ளப் பார்க்கிறது. அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஆயிரம் பேர் அதை ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவி மட்டும் அம்மாவிடம் நிதானமாகக் கேட்டாள்:

"அத்தை, தலைவர் சூடும் சாதாரண போன் சூடும் தொட்டாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்."

"ஒருவேளை சொல்ல முடியலைன்னா?"

"அன்னிக்கே மாத்திரையை முழுங்கறேன். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மகா லைவ். தலைவர் நேரில் வருகிறார். மைதானம் கொள்ளாத கூட்டம். கூத்து என்னவென்றால், தலைவர் பத்தடி தூரத்தில் நிற்க, அத்தனை பேரும் குனிந்து போனில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்தால் சூடு வராதாம்.

மேடைக்குப் பின்னால் பொறுப்பாளரைப் பிடித்தாள் என் மனைவி. கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரே மாதிரியான ஆறு போன்கள், ஆறுக்கும் அருள் கவர், மூடிகள் மூடியிருந்தன. சத்தத்தை நிறுத்தி, ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தாள்.

"சார், மூணு போன்ல தலைவர் லைவ் ஓடுது. மூணுல வேற வீடியோ. எங்க அத்தை கண்ணைக் கட்டிக்கிட்டு தலைவர் இருக்கிற மூணையும் எடுத்துக் குடுப்பாங்க."

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பிரமாதம்மா! இது டிவில வரணும்! வேற வீடியோன்னா என்ன?"

"எருமை சார். சேத்துல படுத்திருக்கு. ஒரு மணி நேரம்."

"அருமை! தலைவர் எங்க, எருமை எங்க! பொறி பறக்கப் போகுது!"

போன்களை மாற்றி மாற்றி அடுக்கும் வேலையை அவரிடமே விட்டாள். எது எங்கே இருக்கிறதென்று இப்போது அவளுக்கே தெரியாது. அவருக்கும் தெரியாது.

லைவ் முடியும் நேரம் அம்மாவை மேடையேற்றினார்கள். கட்சித் துண்டால் கண்ணைக் கட்டினார்கள். பெரிய திரையில் அம்மாவின் முகம் நான் அடித்த பேனர் அளவுக்குத் தெரிந்தது. முதல் போனைக் கன்னத்தில் வைத்தாள். "ம்... சுமார்." இரண்டாவது. "இது ஏதோ ஒப்புக்குச் சுடுது." மூன்று, நான்கு தாண்டி ஐந்தாவதை வைத்ததும் அம்மாவின் குரல் தழுதழுத்தது.

"இதுதான்! இதுதான் என் கதகதப்பார்! கழுத்து வரைக்கும் இறங்குதே!"

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தலைவருக்கும் தாங்கவில்லை. பாய்ந்து வந்து போனை வாங்கித் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மைக்கில் சொன்னார்: "ஆமா. இது நான்தான்."

என் மனைவி மூடியைத் திறந்து திரையில் காட்டினாள்.

எருமை. கழுத்தளவு சேற்றில் படுத்து, எதையோ நிதானமாக மென்றுகொண்டிருந்தது. முதுகில் ஒரு காக்கை.

கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எங்கோ ஒரு பாதி மீசை களுக்கென்று சிரித்தது.

"இருங்க, இருங்க, இன்னொண்ணு எடுக்கறேன்" என்று சிரிப்பைக் கேட்ட அம்மா பதறினாள். எடுத்தாள். அதிலும் எருமை, இம்முறை காக்கை பறந்துவிட்டிருந்தது. மூன்றாவதாக எடுத்ததில் தலைவர் இருந்தார்.

"பார்த்தீங்களா, மூணுல ஒண்ணு நான்!" என்று தலைவர் வெற்றி முழக்கமிட்டார். அது எடுபடவில்லை என்று தெரிந்ததும் கையை உயர்த்தினார். "என் சொந்தங்களே! அருளுக்கு எருமை, மனுஷன்னு பேதம் கிடையாது. எருமை வழியாவும் நான் வருவேன்!"

முன்வரிசையில் இருந்த முடிதிருத்துபவர் எழுந்தார். "அப்ப ஓட்டை எருமைக்குப் போட்டாலும் உங்களுக்கே வந்துடுமா தலைவா?"

தலைவர் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி பையிலிருந்து ஏழாவது போன் ஒன்றை எடுத்தாள். பின்பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"ஐயா, இதுல பேட்டரியைக் கழட்டிட்டேன். வீடியோ இல்ல, நெட்டும் இல்ல. ஆனா நீங்க நேர்லயே இருக்கீங்களே! எவ்வளவோ தூரத்துல இருந்து ஊருக்கே சூடு அனுப்பறவர், கையில இருக்கிற ஒரு போனைச் சூடாக்க மாட்டீங்களா? பிடிங்க."

பிடிக்காமல் என்ன செய்வார்? ஐயாயிரம் பேர் பார்க்கிறார்கள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். பல்லைக் கடித்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. "வா தலைவா, வா!" என்று கூட்டம் உற்சாகப்படுத்தியது, பிரசவ வார்டில் சொல்வதைப்போல. ஐந்தாம் நிமிடம் அம்மா கண்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு நேரே அவரிடம் போனாள். போனைப் பிடுங்கிக் கன்னத்தில் வைத்தாள்.

அம்மா நல்லவள். பொய் சொல்லத் தெரியாது.

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஈரமா இருக்கு" என்றாள்.

தலைவரின் உள்ளங்கை வேர்வை மைதானத்துக்கே பெரிய திரையில் தெரிந்தது. பொறுப்பாளர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "நெட்வொர்க் சரியில்லை, பொறுத்துக்கங்க" என்றார். தலைவர் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அப்போது எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதை எந்த மீமாலும் எழுப்ப முடியாது. மேடையின் பின்படி வழியாகத் தலைவர் இறங்கியபோது அவர் முகம் மட்டும் நல்ல சூடாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள்.

"ஏம்மா, இதுல காலைல ஒண்ணா, ரெண்டா?" என்று மருமகளிடம் கேட்டாள்.

"ஒண்ணு, அத்தை. இன்னிக்கு காலைல விட்டதை இப்பவே போட்டுக்கங்க."

"தண்ணி கொண்டாடா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஜோக்கு போடறானாம், ஜோக்கு."

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தேர்தலில் கதகதப்பார் தோற்றார். ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்கினார். மைதானத்தில் விழுந்து விழுந்து சிரித்த அறிவியல் ஆசிரியர், "எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஓட்டுப் போட்டு வெச்சேன்" என்றார். போன வாரம் அம்மாவின் போனுக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. சேற்றில் படுத்த எருமை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்: 'இதை 21 பேருக்கு அனுப்பினால் முழங்கால் வலி தீரும். ஒருவர் அலட்சியம் செய்தார், மாடியிலிருந்து விழுந்தார்.'

அம்மா என்னை முறைத்தாள். "இதுவும் உன் வேலையா?"

"சத்தியமா இல்லம்மா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, அனுப்பியவருக்குப் பதில் போட்டாள்: 'முதல்ல பேட்டரியைக் கழட்டிட்டு வா.'

அந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கும் இதையே சொல்கிறேன். போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு மூளையை ஓடவிட்டுப் பாருங்கள் ஐயா. அதுவும் சூடாகும். கவர்கூட வாங்க வேண்டாம்.