ரன்அப் உட்கார்ந்த நாள்

கொழும்பு வெள்ளவத்தையில் ரன்அப்பை உட்கார்ந்த நிலையில் கண்டவர்கள் யாருமே இல்லை. கலியாண வீட்டில் நின்றபடி சாப்பிடுவான். பஸ்ஸில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் மிதிபலகையில் தொங்குவான். சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக அவன் பின்னாலேயே நடந்து முடி வெட்டியதாகவும் ஒரு கதை உண்டு.

எங்கள் ஒழுங்கையின் மென்பந்துக் கிரிக்கெட் அணியில் அவன்தான் வேகப்பந்து வீச்சாளன், நான் விக்கெட் காப்பாளன். கடற்கரையில் விளையாடுவோம். பந்து வீச அவன் ஓடிவரத் தொடங்குவது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். நடுவில் ரயில் வந்துவிட்டால் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பான். துடுப்பாட்டக்காரர் அதற்குள் ஓர் இளநீர் குடித்து முடித்துவிடுவார். அவ்வளவு தூரம் ஓடிவந்து போடும் பந்து, பாவம், மெதுவாகத்தான் வரும்.

இவனுக்குப் போய் எங்கள் தொடர்மாடி நிர்மலாவின் மீது காதல் வந்தது. நிர்மலா பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவள். சந்தையில் பயற்றங்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். "சாப்பிட்டியோ?" என்று கேட்டால் யோசித்துவிட்டுத்தான் "ஓம்" என்பாள். ஆனால் அவன் ஓடிவரும் நேரமெல்லாம் அவள் பல்கனியில் நிற்பதை நானே கண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வீட்டில நான் கதைக்கிறன். ஆனா முதல்ல என்னோட ஒரு கேம், முடியும்வரைக்கும் எழும்பாம இருந்து விளையாடுங்கோ. வாழ்நாள் முழுக்க உங்களுக்குப் பின்னால ஓட என்னால ஏலாது."

கனடா மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் ஏற்கெனவே அவள் வீட்டு மேசைக்கு வந்திருந்தது. ஆகவே இது வெறும் விளையாட்டல்ல.

பயிற்சி எங்கள் வீட்டில் நடந்தது. என் மனைவி ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கொடுத்தாள். அவன் கால் ஆடிய ஆட்டத்தில் கதிரை தானாகவே நகர்ந்து குசினி வாசலுக்குப் போய்விட்டது.

"அண்ணை, எவ்வளவு நேரம் இருந்திட்டன்?"

"தேத்தண்ணி இன்னும் கொதிக்கேல்லையடா!"

ஞாயிறு பின்னேரம், கடற்கரையைப் பார்த்த கீழ்த்தள மண்டபத்தில் ஆட்டம். அவன் கதிரைக்குப் பின்னால் நான் நின்றேன், வழக்கமான விக்கெட் காப்பாளனாக. செஸ்ஸில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். இவன் கை சும்மா கிடக்குமா? தொட்டதையெல்லாம் நகர்த்தினான். முதலில் குதிரைகள் போயின, பிறகு கோட்டைகள். நிர்மலாவோ ஒவ்வொரு காய்க்கும் பயற்றங்காய் பார்ப்பதுபோல் யோசித்தாள். எனக்கே கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து பெடியளின் சத்தம்.

"ரன்அப்! கடைசி ஓவர்! ஓடி வா மச்சான்!"

அவன் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணை, என்னால ஏலாது" என்று முனகினான். முதுகு கதிரையை விட்டு எழும்பத் தொடங்கியது. கனடா மாப்பிள்ளை விமானம் ஏறுவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

கறிக்கு உப்புப் போடவே யோசிக்கிற நிர்மலா, படக்கென்று ராணியைத் தூக்கி வைத்தாள்.

"செக்மேட்! கேம் முடிஞ்சுது. இனி எழும்பலாம், ஓடுங்கோ!"

கதிரை ஒரு பக்கம் விழ, அவன் ஓடினான். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் கண்டதில்லை.

எனக்கும் கொஞ்சம் செஸ் தெரியும். பலகையைக் குனிந்து பார்த்தேன். ராஜா தப்பிப்போகப் பக்கத்திலேயே ஒரு கட்டம் காலியாக இருந்தது. நிமிர்வதற்குள் நிர்மலா காய்களை அள்ளி அவசர அவசரமாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க செஸ் விளையாடுவீங்களோ?"

"எனக்குக் கரம்போர்ட்கூட விளையாட வராது, பிள்ளை."

இப்போது இருவரும் கலியாணம் முடித்துக் கிருலப்பனையில் குடியிருக்கிறார்கள். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து ஓடிவருகிறான். அவள் பாறையொன்றில் உட்கார்ந்து, அவன் வந்துசேரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்று விழுந்தது செக்மேட் இல்லை என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அதை இங்கே எழுத எனக்குப் பயமும் இல்லை. ஒரு கட்டுரையை ஒரே இருப்பில் இருந்து வாசித்து முடிக்கிற ஆளா அவன்? தப்பித்தவறி இந்தக் கடைசி வரிவரைக்கும் வந்துவிட்டான் என்றால், பக்கத்தில் நிர்மலா இருக்கிறாள் என்று அர்த்தம்.