வெளுக்காத கல்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ அங்கே நலமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டதால், நலமறிய ஆவல் என்று வேறு எழுதி உன்னைச் சீண்ட விரும்பவில்லை.

சுரங்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கறுப்புக் கல்லை இரும்புத் தாது என்று எழுதி வைத்தாய், மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டினார், அதனால் வேலையை விடப் போகிறாய், அத்தாட்சியாகக் கல்லையும் அனுப்பியிருக்கிறாய். எல்லாம் சரி. லாண்டரி வைத்திருக்கிறவனுக்கு இப்படியொரு கல்லை அனுப்பலாமா? பொட்டலத்தைப் பிரித்ததும் கையெல்லாம் கரி. ஊரார் கறையையெல்லாம் எடுக்கிறவன் பெற்ற மகள் அனுப்பியதை அழுக்கோடு விடுவேனா, சோப்புப் போட்டேன், பிரஷ் போட்டுத் தேய்த்தேன், வெந்நீரில் ஊறவைத்தேன், கழுவக் கழுவக் கறுப்பு வந்துகொண்டே இருக்கிறது, கல் இளைக்கிறதே தவிர வெளுக்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரத்தக் கறைக்கு வைத்திருக்கும் பெராக்ஸைடை எடுத்து அதன் தலையில் ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கி, வாளியைத் தாண்டி, துணி வாங்க வந்து நின்ற பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் போய் விழுந்தது. டாக்டர் கோபப்படவில்லை. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருப்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

சத்தம் கேட்டு வந்த உன் அம்மா, நீ விட்டுப்போன பாடப்புத்தகத்தை இஸ்திரி மேஜையில் விரித்தாள். "அது அழுக்கு இல்லீங்க, கல்லே அதுதான். தொட்டா ஒட்டுமாம். மாங்கனீசுத் தாது. பெராக்ஸைடு பட்டா பொங்கத்தான் செய்யும்" என்றாள். காந்தம் வைத்தோம், ஒட்டவில்லை. உடைந்த பீங்கான் தட்டின் சொரசொரப்பான பக்கத்தில் தேய்த்தோம். சில வகை இரும்புத் தாது என்றால் செங்காவிக் கோடு விழுமாம், இது கன்னங்கரேலென்று இழுத்தது. பேர் பைரோலுசைட். கறுப்புக் கல் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்குமென்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் அதை வெறும் அழுக்கென்று நினைத்தேன். நீ தாது என்கிற வரைக்கும் சரியாகப் போயிருக்கிறாயே கண்ணு.

இன்னொன்று கேள். உருக்கின கண்ணாடியில் பச்சை ஓடினால் இதைத்தான் பொடித்துப் போடுவார்களாம், பச்சை போய்த் தெளிந்துவிடுமாம். அந்தக் கிரேக்கப் பேருக்கே நெருப்பால் கழுவுவது என்றுதான் அர்த்தமாம். நம் தொழில்காரனைப் பிடித்து நான் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். ஒரு திட்டுக்கு வேலையை விடுவதென்றால் நான் கடை திறந்த அன்றைக்கே மூடியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இரு. வீட்டுக்கு வருகிற பேச்சே வேண்டாம்.

உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கல்லைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உன் அம்மா இதைப் படித்துவிட்டு, "அவ கல்லு பேரு என்னன்னா கேட்டா? வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டிருக்கா" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. எந்த பஸ் என்று மட்டும் சொல்லு, வந்து நிற்கிறேன்.