மடங்காக் கூடாரமும் மீனாம்பாளும்

வாழி! முந்நீர் கடந்து வந்த முறுவல் முகத்தாள் வாழி! வெஸ்ட்மீட் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் குருதித் துளியொன்றைக் கண்ட மாத்திரத்தில் நோயின் குலமும் கோத்திரமும் உரைக்கவல்ல கூர்விழியாள், தஞ்சைத் தரணி ஈன்ற தளராத் தோளாள், பாஸ்கர் என்னும் மென்பொருள் வல்லானை மணந்து அவனுக்குச் சோறும் சொல்லும் குறைவின்றி வழங்கும் பேரருளாள் மீனாம்பாள் வாழி! அவ்வீராங்கனை ஒரு கோடைச் சனிக்கிழமையில், குரோனுல்லாக் கடற்கரையின் வெண்மணற் போர்க்களத்தில், நைலான் தோலும் எஃகு நரம்பும் கொண்ட மாயக் கூடாரம் ஒன்றோடு பொருத வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். கடற்காற்றே, சற்று அடங்குக! சிப்ஸ் கவரும் கடற்காகங்காள், அலகு மூடிக் கேட்பீராக!

போருக்குக் காரணம் வேண்டுமன்றோ? சிட்னி வந்து சேர்ந்த நாள்தொட்டு மீனாம்பாளின் வாரஇறுதிகள் துணி துவைத்தலிலும், மேய்ஸ் ஹில் கோயில் முருகனைக் கண்டு மீள்தலிலும், வாரம் முழுமைக்கும் சாம்பார் வைத்து ஃப்ரீசரில் அடுக்குதலிலுமே கழிந்தன. திங்கள் புலர்ந்ததும் ஆய்வுக்கூடத்துத் தோழியர் ஒவ்வொருவரும் ஒரே அம்பை அவள்மீது தொடுத்தனர்: "வீக்கெண்ட் என்ன செய்தாய்?" ஒருத்தி மலையேறியிருப்பாள், ஒருத்தி படகு வலித்திருப்பாள். நம் தலைவியோ "நத்திங் மச்" என்னும் ஓட்டைக் கேடயத்தால் அவ்வம்புகளைத் தடுத்து, நாணித் தலைகவிழ்ந்து, சோதனைக் குப்பிகளின் பின்னே மறைந்தாள். வேலைப் பேச்சு நீங்கலாக அயலாரிடம் "சாரி", "தேங்க் யூ" என்ற இரண்டுக்கு மேல் அவள் நா எழுந்ததில்லை. பொறுத்தாள், பொறுத்தாள், ஒரு வெள்ளி மாலையில் பொங்கி எழுந்தாள்.

"ஏங்க, நாளைக்கு பீச்சுக்குப் போறோம். நான் கடல்ல இறங்கப் போறேன்!"

பாஸ்கர் மடிக்கணினியைப் பட்டென மூடினான். போர்முரசு அதிர்ந்தாற்போல் இருந்தது அவ்வோசை.

செய்தி கேட்டு, மேல்மாடியில் வாழும் யோகா அன்ரி, யாழ்ப்பாணத்து ஈகை குன்றாத கையில் வட்டப் பையொன்றை ஏந்திப் படியிறங்கி வந்தார்.

"வெயில் சுட்டுப்போடும் பிள்ளை, இந்த டென்டைக் கொண்டு போ. எடுத்து எறிஞ்சா தானா விரியுமாம். கவனமாத் திருப்பித் தா, என்ன?"

"சாயந்திரமே மடிச்சுக் கொண்டாந்து தந்துடறேன் ஆன்ட்டி," என்றாள் மீனாம்பாள். அந்தோ! ஆழம் அறியாமல் அளித்த வாக்கு அது.

மறுநாள் ரயிலேறி, சென்ட்ரலில் மாறி, முற்பகலில் களம் புகுந்தனர். பையைத் திறந்து எறிந்ததுதான் தாமதம், கொண்டல் கிழிந்தாற்போல் படாரென்று விரிந்து நீலக் கூடாரம் மணலில் எழுந்து நின்றது. பண்டை வேந்தர் பாசறை அமைக்க யானையும் ஏவலரும் வேண்டினர். இவர்களுக்கோ ஒரு வீச்சு போதுமாயிற்று. அதன்பின் மீனாம்பாள், கடல்நீராடுவோரைக் காக்கும் காவலர் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளின் நடுவே, கணுக்கால் நனைத்து, முழங்கால் நனைத்து, முருகா என்று அலறியவாறே இடுப்புவரை இறங்கினாள். முதல் அலையின் குளிர் அவள் மூச்சைப் பறித்தது. அடுத்த அலை பாஸ்கரைத் தலைகீழாகப் புரட்டிக் கரையில் கிடத்தியது. வாங்கிய சிப்ஸின் பெரும்பகுதியைக் கடற்காகங்கள் திறையாகக் கொண்டன. ஆயினும் உப்பு ஊறிய உதட்டோடு இருவரும் ஓயாமல் சிரித்தனர். இங்ஙனம் இன்பம் துய்த்திருந்தபோது குளிர்ந்த தென்காற்று சீறி எழுந்தது. கரை காலியாகத் தொடங்கிற்று. கூடாரத்தை மடிப்பது ஒன்றே எஞ்சியது.

மீனாம்பாள் அதன் இரு முனைகளைப் பற்றி வளைத்தாள். வளைந்தது. பைக்குள் நுழைக்கக் கை தாழ்த்தியதும், மிதிபட்ட அரவம் படமெடுத்தாற்போல் சீறி விரிந்து அவள் தொப்பியைத் தட்டிப் பறித்தது. மறுபடி மடக்கினாள், மறுபடி சீறிற்று. பாஸ்கர் செல்பேசியில் காணொளியொன்றைத் தேடியெடுத்தான். அதில் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே கண்ணிமைப்பில் மடித்து முடித்தான்.

"எட்டு மாதிரி முறுக்கணுமாம், மீனா."

"நீங்க போனை வச்சிட்டு அந்தப் பக்கம் பிடிங்க!"

பிடித்தான். முறுக்கினர். எட்டு வந்தது, எட்டுக்குள் பாஸ்கரும் வந்தான். வலைப்பட்ட மான்போல் அவன் துணிக்குள்ளிருந்து கையசைக்க, காற்றானது கூடாரத்தையும் கணவனையும் ஒருசேர உருட்டிச் சென்று, பக்கத்துக் குடும்பம் வெட்டி வைத்திருந்த தர்பூசணியின் அருகே சேர்த்தது.

"விட்டுட்டுப் போயிடலாம் மீனா. ஆன்ட்டிக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்," என்றான் மணல் துப்பியபடி அப்போர் வெறுத்த மறவன்.

அக்கணம் மீனாம்பாள் ஈரக் கூந்தலை இறுக்கி முடிந்தாள். மணல்மேட்டில் கால் ஊன்றினாள். அலையும் அலைமேற் பறவையும் கேட்க வஞ்சினம் மொழிந்தாள்: "மடிச்சோ மடிக்காமலோ, இது என்கூடத்தான் வீட்டுக்கு வரும். இதை விட்டுட்டுப் போனா நான் மீனாம்பாள் இல்லை!"

மொழி புரியாவிடினும் மறம் புரிந்தது போலும். தோள் முழுதும் பச்சை குத்திய மலையொத்த மனிதன், தர்பூசணிக் குடும்பத்தின் தலைவன், கை துடைத்துக்கொண்டு துணைக்கு வந்தான். அகன்ற தொப்பியணிந்த கிரேக்கப் பெண்மணி ஒருவர் நாற்காலி விட்டெழுந்து அறிவுரைகளோடு வந்தார். நாயோடு உலவியவள் நாயோடு வந்தாள். அந்நால்வகைச் சேனையின் நடுநின்று நம் தலைவி இட்டாளே ஆணை!

"நோ, நோ! யூ ஹோல்ட் திஸ் சைட்! யூ, புஷ்! ஆன்ட்டி, சிட் ஆன் இட்! சிட்!"

'சாரி' அன்றி வேறறியாத நாவிலிருந்தா இம்முழக்கம்? பாஸ்கர் வாய் பிளந்தான். மலைமனிதன் பற்றினான், கம்பி வளைந்தது, வட்டம் மூன்றாயிற்று, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன, கிரேக்கப் பெண்மணி அதன்மேல் அரியணை அமர்ந்தாற்போல் அமர்ந்தார், வாகைப்பூ மணக்கும் தூரத்தில் வெற்றி நின்றது. அப்போது அவர் தும்மினார். கூடாரம் குதித்தெழுந்தது, அவர் மணலில் உருண்டார், உருண்டவர் வயிறு குலுங்கச் சிரித்தார், நாய் குரைக்க, மலைமனிதன் முழங்காலில் விழுந்து சிரிக்க, மீனாம்பாள் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"யூ ஆர் த பாஸ், லவ்," என்று மலைமனிதன் தர்பூசணித் துண்டொன்றை அவள் கையில் வைத்தான்.

பின்னர், நீலக் கொற்றக்குடையென விரிந்த கூடாரத்தை இருபுறமும் தாங்கி இருவரும் ரயில் நிலையம் புக்கனர். குழந்தை வண்டிகள் செல்லும் அகன்ற வாயிலை நிலையக் காவலர் சிரித்தபடி திறந்துவிட்டார். பெட்டியில் எதிரே அமர்ந்த ஒருவர் "கேம்பிங்?" என்று ஒரு சொல் கேட்டதுதான் பிழை, மீனாம்பாள் தனக்குரிய ஆங்கிலத்தில், கையாலும் தோளாலும் நடித்துக்காட்டி, அலையில் தொடங்கித் தும்மல்வரை முழுப் போரையும் பாடினாள். பெட்டி முழுதும் திரும்பிக் கேட்டது. சென்ட்ரலில் மாறியதும், புதிய பெட்டியில் எவரும் கேளாமலே மறுபடி பாடினாள்.

வெஸ்ட்மீட் சேர்ந்து மேல்மாடிக் கதவைத் தட்டுகையில்தான் அவள் நெஞ்சம் தளர்ந்தது.

"மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி. மடிச்சுத் தர்றேன்னேன், முடியல."

யோகா அன்ரி கூடாரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, இது இவ்வளவு பெரிசே? லக்கி டிப்பில பரிசா விழுந்தது. நாங்கள் ஒருநாளும் விரிச்சுப் பாக்கேல்லை."

உள்ளே கதிரையில் வீற்றிருந்த அவர் கணவர் சிறிதரன் அங்கிள், பணியிலிருந்து இளைப்பாறிய பொறியியலாளர், பாலங்கள் பல கண்டவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்தார். "இதென்ன பெரிய வேலையே? தள்ளுங்கோ, நான் மடிக்கிறன்."

அங்ஙனம் சனியிரவில் மூண்டு, மறுநாளும் ஓயாது நீண்டது ஞாயிற்றுக்கிழமைப் பெரும்போர். மேசை ஒதுங்கிற்று, திரைச்சீலை அறுந்தது, பூச்சாடி வீரமரணம் எய்தியது; அங்கிள் கம்பியின் வளைவைக் கணக்கிட்டுத் தாளில் வரைய, பாஸ்கர் காணொளியை மெதுவாக ஓட்ட, அன்ரி குசினியிலிருந்து தோசைக்கரண்டியோடு பாய்ந்துவர, மீனாம்பாள் தானைத்தலைவியாய் நடுநின்று கைவீசி ஆணையிட, கீழ்வீட்டார் கூரை அதிரக் கண்டு மேலேறி வந்து தாமும் ஒரு முனையைப் பற்ற, இரு நாட்டுத் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூக்குரலாய் எண்டிசையும் பரவ, ஞாயிறும் அஞ்சி மேற்கே சாய்ந்து மறைய...

டென்ட் இப்போது யோகா அன்ரி வீட்டு பால்கனியில் நிற்கிறது. உள்ளே வெங்காயம் வைத்திருக்கிறார்கள்.