ஹரி அப்பா மந்திரமும் எண்பதாவது நிமிடமும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆண்டவன் இறங்கி வந்துவிட்டார். கோயிலில் இல்லை ஐயா, தம்பு பாஸின் கம்ப்யூட்டர் கடையில். மாடிப்படி முழுக்கச் செருப்பு. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து விளையாட வந்தவர்கள் கால் கழுவிவிட்டு உள்ளே போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஊரெல்லாம் இண்டர்நெட் என்றால் என்னவென்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, நம் ஆட்கள் கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி காட்டினார்கள். முன்னேற்றம் என்றால் இதுவல்லவா முன்னேற்றம்!

விளையாட்டு கால்பந்துதான். ஆனால் யாரும் பந்தை உதைக்க வேண்டாம். நீங்கள் மேனேஜர். யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். திரையில் நிமிடம் ஓடும், கோல் விழுந்தால் எழுத்தில் வரும். அதற்குக் கடையில் ஒரு லீக், அந்த லீக்குக்கு ஒரு கோப்பை, அந்தக் கோப்பைக்காக வேலைக்கு மட்டம் போடும் கூட்டம்.

இந்தக் கூட்டத்துக்குக் கிடைத்தவர்தான் இராமலிங்க சாமி. ரவாங்கில் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தவர், வியாபாரம் படுத்ததும் சாமியாராகிவிட்டார். எண்பதாவது நிமிடத்தில் உங்கள் டீம் தோற்றுக்கொண்டிருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து மானிட்டருக்கு விபூதி பூசுவார். தன்னையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் காவித் துணியால் மூடிக்கொள்வார். "ஹரி அப்பா, ஹரி அப்பா" என்று உள்ளேயிருந்து முனகல் வரும். துணியை எடுத்து ஆட்டத்தை ஓடவிட்டால் பெரும்பாலும் கோல் விழும். விழாவிட்டால்? உங்கள் வீட்டில் ஏதோ தீட்டு. சாமி மேல் தப்பே கிடையாது.

கோல் விழ விழ சாமியின் பசியும் வளர்ந்தது. முக்கியமான ஆட்டம் என்றால் மானிட்டருக்குச் சுமங்கலியின் தங்கம் சாத்த வேண்டும், பிறகு தோஷம் கழிய அதைப் போர்ட் கிள்ளான் கடலில் விட வேண்டும் என்றார். விடுவது அவர்தான், தனியாகத்தான். அந்தக் கடல் எந்த அடகுக்கடைக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஆடப்போவது காப்பார் லோரி டிரைவர் கன்னையாவின் டீம் 'கிள்ளான் சிங்கம்'. சாமி கேட்டது அவர் மனைவி தனலெட்சுமியின் தாலிக்கொடி. கன்னையா வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவள் கத்தவில்லை, அழவில்லை. கழட்டித் தருவதாக இருந்தால் அந்தச் சாமி முன்னாலேயே தருகிறேன் என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. எண்பதாவது நிமிடத்தில் கிள்ளான் சிங்கம் ஒரு கோல் பின்தங்கி நின்றது. தம்பு ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேவ் செய்து வைத்தார். அங்கிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப ஆடலாம். சாமி துணியை உதறினார், தாலிக்குக் கையை நீட்டினார்.

தனலெட்சுமி நகரவில்லை. "சாமி, மந்திரம் வாயாலதானே சொல்றீங்க? அப்புறம் கை எதுக்குத் துணிக்குள்ள போவுது?"

துணி இல்லாமல் மந்திரம் பலிக்காது என்று சாமி சீறினார்.

"ஒரே ஒரு தடவ. துணி வேணாம், கையக் கூப்பிக்கிட்டு எல்லாரும் பாக்கச் சொல்லுங்க. கோல் விழுந்தா இந்தக் கொடிய நானே கழட்டித் தரேன்."

சாமி அவள் கழுத்தைப் பார்த்தார். கனமான கொடி. அதிர்ஷ்டம் அடித்தாலும் அடிக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். கையைக் கூப்பி, ஊருக்கே கேட்கும்படி ஹரி அப்பாவை அழைத்தார். நிமிடம் ஓடியது. எண்பத்தெட்டில் சிங்கத்தின் பந்து கம்பத்தில் பட்டது. தனலெட்சுமி கொடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பந்து வெளியே போனது, ஆட்டம் முடிந்தது, கிள்ளான் சிங்கம் தோற்றது. தம்பு மறுபடி அதே எண்பதுக்குப் போனார். இன்னும் உரக்க மந்திரம். இந்தத் தடவை இன்னொரு கோல் வேறு வாங்கினார்கள்.

சரி, இப்போது துணியோடு செய்யட்டும் என்றாள் தனலெட்சுமி. பிழைத்தோம் என்று சாமி உள்ளே நுழைந்தார். முனகல் கிளம்பியதும் அவள் துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். விபூதிக் கை மவுஸைப் பிடித்திருந்தது. திரையில் ஆட்டமே இல்லை, ஏதோ கட்டளைப் பக்கம் திறந்திருந்தது. தோற்றுக்கொண்டிருந்தால் கடைசிப் பத்து நிமிடம் எப்படி ஆட வேண்டும் என்று டீமுக்குச் சொல்லிவைக்கும் பக்கம். அதில் ஒரு வரியின் மேல் சாமி டிக் போட்டிருந்தார்.

தனலெட்சுமி விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "எச், யூ, ஆர், ஆர், ஒய். ஹரி. அப்புறம் அப். ஹரி அப். சீக்கிரமா ஆடுன்னு அர்த்தம். இதுல அப்பா எங்க சாமி வந்தாரு?"

இராமலிங்கம் உண்மையைக் கக்கினார். முதல் நாள் அந்த வரியைத் தேடிக்கொண்டு தனக்குத்தானே ஹரி அப், ஹரி அப் என்று முணுமுணுத்தாராம். பின்னால் நின்ற ஆள் அதைச் சாமி பெயர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "நான் மந்திரம்னு சொல்லவே இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான் ஹரி அப்பான்னு கும்பிட்டாரு. கும்பிட்ட ஆள எதுக்குத் தடுக்கணும்னு விட்டுட்டேன் லா."

கன்னையா தரையைப் பார்த்தார். தம்பு கதவைச் சாத்தினார். கடலுக்குப் போன தங்கமெல்லாம் திரும்பி வரும்வரை இராமலிங்கம் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று ஏற்பாடாயிற்று.

அந்த டிக்கோடு அதே எண்பதிலிருந்து ஆட்டம் ஓடியது. மந்திரம் இல்லை, சாம்பிராணி இல்லை. இரண்டு கோல் விழுந்து கிள்ளான் சிங்கம் ஜெயித்தது. கூட்டத்துக்குப் புத்தி வந்தது என்றா நினைக்கிறீர்கள்? பின்வரிசையில் ஒருத்தர் மெதுவாகச் சொன்னார், அக்கா துணியை இழுத்த பிறகுதான் கோல் விழுந்தது, அக்காவுக்கு ராசியான கை என்று. அவ்வளவுதான். பத்துப் பேர் அவளைச் சுற்றி வந்து கும்பிட்டு நின்றார்கள். முதல் ஆளாக நின்றவர் கன்னையா.

தனலெட்சுமி கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதல்ல அந்தக் கைய எறக்குங்க. கும்பிட்டுக்கிட்டே நின்னா, தலையச் சொறிஞ்சு யோசிக்கக் கை ஏது?"