முழு மூட்டையும் அரை மூட்டையும்

உரப் பயிற்சி வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போய்வந்தார் அந்த விவசாயி. அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பேர் விஞ்ஞானி. வைத்தது மனைவி.

செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார். “இந்தத் தடவை நெல்லுக்குப் பொட்டாஷ் உரம்! வயலுக்கு ஒரு முழு மூட்டை! தண்டு இரும்பு மாதிரி நிக்கும், மணி முத்து மாதிரி திரளும்!”

“அரை மூட்டை போதுங்க. நம்ம மணல் மண்ணுல மிச்சமெல்லாம் தண்ணியோட ஓடிடும். மக்கின எருவையும் சேர்த்துப் போட்டா, அது சத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.”

“எருவா? அந்த மக்கின குப்பையா?”

“மக்கினது வயலுக்கு நல்லது. மக்குதான் வீட்டுக்கு ஆகாது.”

விஞ்ஞானிக்குச் சுருக்கென்றது. உடனே பந்தயம்! இருந்தவை ஒரே அளவில் இரண்டு வயல்கள். மேல வயல் அவருக்கு. முழு மூட்டை பொட்டாஷ் மட்டும். கீழ வயல் அவளுக்கு. அரை மூட்டையும் எருவும். மகசூலில் தோற்றவர் ஒரு வருஷம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

அவள் தன் வயலுக்கு எருவைச் சுமந்து கொட்டி முடித்தாள். அவர் வரப்பில் நின்று ஒவ்வொரு கூடையாக எண்ணினார். ஒருவேளை இவள் ஜெயித்துவிட்டால்?

நடவுக்கு முந்தின வாரம், “அக்கா வீட்டுக்குப் போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன்” என்று அவள் பையை எடுத்தாள். பஸ் கண்ணுக்கு மறைந்ததுதான் தாமதம், விஞ்ஞானி கூடையோடு எருக்குழிக்குப் பறந்தார். ரெண்டே நாளில் மேல வயலில் நூற்றுப்பத்துக் கூடை! இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும்போல் இருந்தது. ஆனாலும் ஒரே குஷி. எருவும் உண்டு, முழு மூட்டையும் உண்டு. இனி யார் அசைக்க முடியும்?

அவள் திரும்பி வந்தபோது கட்டிலில் குப்புறக் கிடந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“யோசிச்சு யோசிச்சு இடுப்பு வலி.”

“ஓ, மூளை அங்கதான் இருக்கா?”

பந்தயத்தைக் கேள்விப்பட்டு, அறுவடையன்று எடைபோட்டுப் பார்க்க வேளாண்மை அதிகாரியே வந்துவிட்டார். இரண்டு வயலும் சமம்! ஒரு மூட்டை நெல்கூட வித்தியாசமில்லை. விஞ்ஞானி கூடுதலாகப் போட்ட அரை மூட்டை பொட்டாஷ், மழைத் தண்ணீரோடு எப்போதோ ஊர்வலம் போயிருந்தது.

அதனாலென்ன? “சமம்! நான் தோக்கலை! பாத்திரம் தேய்க்க வேண்டாம்!” என்று களத்திலேயே குதித்தார்.

அதிகாரி தலையைச் சொறிந்தார். “இந்த மண்ணுல, எரு இல்லாம மேல வயல் எப்படிங்க இவ்வளவு விளைஞ்சுது?”

மனைவி முந்திக்கொண்டாள்.

“ரெண்டுக்குமே எரு போட்டிருக்கு சார். கீழ வயலுக்கு நான் சுமந்தேன். மேல வயலுக்கு இவரைச் சுமக்க வைக்கத்தான், நான் அக்கா வீடு வரைக்கும் போக வேண்டியதாப் போச்சு.”