சும்மா நிற்க ஒரு பாடம்

பட்டன் அண்ணாத்தேயைவிடக் கறாரான தேர்வாளர் இந்தியாவிலேயே கிடையாது. இத்தனைக்கும் அவர் வாத்தியார் இல்லை, நோயாளி.

கரையான்சாவடிப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை மக்கர் பண்ணியதும், கள்ளிக்குப்பத்தில் இருந்த எங்கள் பயிற்சி நிலையத்துக்குச் சிகிச்சைக்காக வந்தார். சிகிச்சை உதவியாளர் படிப்புக்குப் பாடத்திட்டம் எழுதுவது என் வேலை. தசை, மூட்டு, நரம்பு என்று அழகாகக் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அண்ணாத்தே அந்த வலது கையால்தான் சட்டைப் பட்டன் போடுவார். ஐந்து பட்டனுக்கு இருபது நிமிடம். பொறுக்கமாட்டாமல் எந்த மாணவி கை நீட்டினாலும், "நீ ஃபெயிலு" என்று இடது கையால் எல்லாவற்றையும் சடசடவென்று கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க ஃபெயில். நான் மூன்று முறை.

எரிச்சலில் ஒருநாள், ஏன் இந்த வீம்பு என்று கேட்டேவிட்டேன்.

"ஊட்ல பொஞ்சாதி ஊட்டி வுடுது, புள்ள சட்ட மாட்டி வுடுறான். பாசந்தான், இல்லேங்கல. ஆனா நானும் ஒரு ஆளா கீறேனான்னு எனக்கே டவுட்டா கீது சார். இதுங்களுக்கு சும்மா நிக்கக் கத்துக் குடுங்க."

அன்றைக்கே பாடத்திட்டத்தில், 'சும்மா நிற்றல் – செய்முறை, பத்து மணி நேரம்' என்று சேர்த்தேன்.

அங்கீகாரம் கொடுக்க வந்த அதிகாரி சரியாக அந்த வரியில் பேனாவை வைத்தார். சும்மா நிற்க எதற்கு வகுப்பு, அடித்துவிடுங்கள் என்றார். சிகிச்சைக்கு வந்திருந்த அண்ணாத்தே அதிகாரி எதிரில் உட்கார்ந்து பட்டன் போட ஆரம்பித்தார்.

மூன்றாவது நழுவியது. மறுபடி நழுவியது. அதிகாரிக்கு வியர்த்தது. நான்காவதில் தாங்கமாட்டாமல் எழுந்து கை நீட்டிவிட்டார்.

"சாரும் ஃபெயிலு."

மீண்டும் முதலிலிருந்து. இந்த முறை அதிகாரி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது பட்டன் உள்ளே போனதும், பத்து மணி நேரம் போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் படியில் அண்ணாத்தேயைப் பார்ப்பதுண்டு. ஒவ்வொரு படியாக ஏறுவார். ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் தோன்றும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழேயே நிற்பேன். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பி, "பாஸு" என்பார். அதைக் கேட்க எத்தனை ரயிலை வேண்டுமானாலும் விடலாம்.